சத்தம் கேட்டால் எரியும் விளக்கு

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்
படி திரும்பும் இடத்தில்
என் மடக்கு முக்காலி, வெந்நீர்க் குடுவை.
இங்கே சத்தம் கேட்டால்தான் விளக்கு எரியும்.
நாற்பது நொடி வாய் மூடினால்
அணைந்துவிடும்.

அதனால் உரக்கப் படிக்கிறேன்.
ஒப்பித்தால் வெளிச்சம்,
யோசிக்கத் தொடங்கினால் இருட்டு.
வேண்டுமென்றே யாரோ இப்படி மாட்டியிருக்கிறார்கள்.
காலால் தரையை உதைத்து
விட்ட வரியிலிருந்து மறுபடியும்.

லான்சோவில் நவம்பர்.
சுவருக்குள் வெப்பக்குழாய்
இரவெல்லாம் யாரையோ கூப்பிட்டுத் தட்டுகிறது.
வெளியே மஞ்சள் ஆறு.
குளிர் வந்தால் அது மஞ்சளாக இருப்பதில்லை,
வண்டல் எங்கேயோ தங்கிவிட
பச்சையாக ஓடுகிறது.
எங்கே தங்குகிறது, எவ்வளவு நாள்?
எனக்குப் படிக்க வேண்டியது அதுதான்.
அதற்கு முன்னால்
அரசியல், ஆங்கிலம், கணிதம்,
ஒரு நாற்காலிக்குப் பதினேழு பேர்.

போன டிசம்பரில் ஏழு மதிப்பெண் போதவில்லை.
ஏழு.
பாய்யின்னில் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்,
மகள் கம்பெனியில் இருக்கிறாள், நல்ல சம்பளம் என்று.
ஞாயிற்றுக்கிழமை போனில்
அந்தக் கம்பெனியைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள்.

பட்டம் வாங்கியவளுக்கு நூலக அட்டை கிடையாது.
என்னிடம் இருப்பது இளையவள் லுவோ ஜிங்யீயின் அட்டை.
படத்தில் அவளுக்கு மூக்குக்கண்ணாடி.
'லுவோ, கண்ணாடி எங்கே?'
வாசலில் காவலர் குய் கேட்டது செப்டம்பரில்.
உடைந்துவிட்டது என்றேன்.
மூன்று மாதமாக அது உடைந்தே இருக்கிறது.
'இன்னும் கடையில்தானா?' என்று
தேநீரை ஊதியபடி வழிவிடுகிறார்.

கீழே, மூன்றாம் மாடித் திருப்பத்தில்
ஒரு குரல் இருக்கிறது. முகம் பார்த்ததில்லை.
காலையில் ஆங்கிலச் சொற்பட்டியலை
முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவான்.
அந்தப் புத்தகத்தின் முதல் சொல்லுக்குப் பொருள்
கைவிடு.
பல் துலக்கிய வாயோடு தினமும் அதைச் சொல்லிவிட்டு
அடுத்த சொல்லுக்குப் போவான்.

ஒரு சொல் மட்டும் அவனுக்கு வராது.
டிடர்மைன், டிடர்மைன் என்பான்.
இருபது தடவை, முப்பது தடவை.
தேர்வில் உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை,
எனக்கென்ன வந்தது என்று இருந்தேன்
இருபத்து மூன்றாம் தேதி வரை.
அன்று தலைவலி.
கைப்பிடிக் கம்பிக்கு மேல் குனிந்து
'டிடர்மின்!' என்று கத்திவிட்டேன்.

கீழே பேச்சு நின்றது.
முதலில் அவன் விளக்கு அணைந்தது.
பிறகு என்னுடையது.
இருட்டில் குழாய் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.
கோபித்துக்கொண்டு போய்விட்டானோ
என்று நினைக்கும்போது
'டிடர்மின்' என்றது குரல், மெதுவாக,
விளக்குக்குக் கேட்காத அளவில்.
பிறகு:
'நானும் ஒன்று சொல்லட்டுமா?
கொசைனை வகையிட்டால் மைனஸ் சைன்.
மைனஸை நீ தினமும் விழுங்குகிறாய்.'

நான் விளக்கை எழுப்பவில்லை.
போன வருடத்து வினாத்தாள்
பன்னிரண்டாம் கணக்கு
இருட்டில் தானாக என் முன்னால் விரிந்தது,
விடையில் நான் போடாத சிறு கோட்டோடு.
ஏழா, எட்டா,
அந்தக் கோட்டின் விலை?

அதன் பிறகும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
மைனஸ் வரும் இடத்தில்
நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.
கீழிருந்து ஓர் இருமல் வரும்.

தேர்வன்று பனி.
நானூறு பேர் ஓர் ஓட்டமாகப் படியேறினோம்.
எல்லாருக்கும் முகம் இருந்தது.
யாராவது வாய் திறப்பார்களா என்று
காது கொடுத்துப் பார்த்தேன்.
கண்காணிப்பாளர் உறையைக் கிழிக்கும் சத்தம்தான்.

அந்த அறையில்
யாரும் பேசாமலே விளக்குகள் எரிந்தன.
பழக்க தோஷம்,
நாற்பது நொடி எண்ணிப் பார்த்தேன்.
அணையவில்லை.
வலதுபுறம், எனக்கு மூன்று வரிசை பின்னால்
யாரோ இருமினார்கள்.

ஜலதோஷமாகவும் இருக்கலாம்.
பேனாவைத் திறந்தேன்.