அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது

லானெபெரே ஊராட்சி மன்றத்தில் ஏழு பேர்,
தலைக்கு நூறு காய்ந்த பட்டாணி.
மேசைமேல் நான்கு ஜாம் புட்டிகள்:
பிள்ளைகள் எண்ணிக்கை, சூடேற்றும் செலவு,
பேருந்தில் போகும் நிமிடம், கூரையின் ஆயுள்.
மூன்று பள்ளிகளில் ஒன்றை மூடியாக வேண்டும்.

தாலினிலிருந்து நான்கு மணி நேரம்
சேற்றுப் பனியில் காரோட்டி வந்தவன் நான்.
முறையை விற்கிறவன்.
"எது முக்கியம் என்பது முதலில்,
எந்தப் பள்ளி என்பது பிறகு" என்றேன்.
பள்ளிகளின் பெயரை மறைத்து
அ, ஆ, இ என்று எழுதியிருந்தேன்.
ஒருவரும் ஏமாறவில்லை.
'ஆ' ஒழுகும்போதெல்லாம்
வாளி வைப்பவரே ஐவோதான்.

ஊர்வெ தன் நூறையும்
பேருந்துப் புட்டியில் கவிழ்த்தாள்.
"மொத்தமுமா?"
"என் மகன் ஆறு வருஷம்
இருட்டில் ஏறி இருட்டில் இறங்கினான்.
உங்கள் விதியில் இதற்குத் தடை உண்டா?"
இல்லை.
ரிஹோ அடுத்தவர் கையைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்,
தேர்வில் காப்பியடிக்கும் பையன்போல.

எண்ணினோம். ஒன்று குறைந்தது.
மேசைக்கடியில், கம்பளத்தில்,
தார்மோவின் கால்சட்டை மடிப்பில் தேடினோம்.
யாரோ ஒருவர்
நூற்றில் ஒரு பங்கைத் தரவில்லை.

பெருக்கிக் கூட்டியதில் 'இ' விழுந்தது.
'ஆ' மயிரிழையில் தப்பியது.
நான்கே நான்கு பட்டாணி
பேருந்திலிருந்து கூரைக்கு இடம் மாறினால்
விழுவது 'ஆ'.
வழக்கமாக இந்த வரியை
ஐந்தாம் இணைப்பில் வைப்பேன்,
எல்லோரும் கோட்டு மாட்டும் நேரத்துக்கு.
அன்று ஏனோ சுவரில் காட்டிவிட்டேன்.

தலைவர் தார்மோ பெருமூச்சு விட்டார்:
"நல்லது. கணக்கே முடிவெடுத்துவிட்டது."
அதுவரை வாய் திறக்காத ஹெல்யு சொன்னாள்:
"பட்டாணிக்கு வாக்குரிமை கிடையாது.
கை தூக்குங்கள்."

நான்குக்கு மூன்று.
நான்காவது கை அவளுடையது,
நேரம் எடுத்துக்கொண்டு மேலே போனது.
'இ' அவள் படித்த பள்ளி என்று
பிறகுதான் தெரிந்தது.
நடவடிக்கைக் குறிப்பில்
'மதிப்பெண்களின்படி' என்றிருந்ததை அடிக்கச் செய்து
'நாங்கள்' என்று எழுத வைத்தாள்.
ஏழு கையொப்பம்.

"பட்டாணியை என்ன செய்ய?" என்றேன்.
பின்வரிசையில் அமர்ந்திருந்த பெண் எழுந்து
நான்கு புட்டிகளையும் ஒரே பையில் கொட்டினாள்.
'இ'யின் சமையற்காரி.
"வியாழக்கிழமை சூப்பு.
ஒன்று குறைந்தால் பரவாயில்லை."