தலைகீழ் எழுத்து

பீக்கிங், தெற்குச் சந்து, ஒழுகும் கூரை கொண்ட அச்சகம்.
என் கைக்கெட்டும் உயரத்தில்
ஜி, ஹு, ஜெ, யெ:
பழைய நடையின் நான்கு பெரிய மனிதர்கள்,
ஆளுக்கு இருநூறு ஈய உடம்பு.
கண்ணை மூடிக்கொண்டே எடுத்துக் கோப்பேன்.

அந்தக் குளிர்காலம் ஜீ யுன்ஹெங் வந்தார்.
பல்கலைக்கழகத்தில் ஒலியியல் நடத்துகிறவர்,
கோட்டுப் பையில் கசங்கிய பதினோரு கவிதைகள்.
மேஸ்திரி தொங் ஒன்றைப் படித்துவிட்டு
"இதை என் கழுதைக்காரனே சொல்வானே" என்றார்.
"சொன்னான். அவனிடம் கேட்டதுதான்."

மூன்றாம் பக்கத்தில் 'தெ' தீர்ந்துபோயிற்று.
'உடைய' என்று சொல்லும் சின்ன அசை,
சந்தையில் மூச்சுக்கு மூச்சு வருவது,
எங்கள் பெட்டியில் மொத்தம் நாற்பது.
கழுதையுடைய கழுத்துடைய மணியுடைய ஓசை என்று
மனுஷர் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்.
வார்க்கிற பையன் கேட்டான்:
"புதிதாக வார்க்க ஈயம் இல்லை, எதை உருக்க?"
மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார்.
நான் 'யெ' அறையை இழுத்துக் கவிழ்த்தேன்.
ஒன்று மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டது.

வண்டிக்காரன் வாய்க்கெல்லாம் கவிதை என்று பெயரா என
ஒரு பத்திரிகை அவரைக் கிழித்தது.
அந்தத் திட்டையும் நான்தான் கோத்தேன்.
நல்ல நடை. கூலி அதே.

ஒரு ஞாயிறு தன் அறைக்குக் கூப்பிட்டார்.
புகைக்கரி படிந்த காகிதம் சுற்றிய உருளை,
ஒரு குழாய், ஒரு ஊசி.
"உன் ஊர்ப் பேச்சில் பத்து வரை எண்ணு."
எண்ணினேன். ஊசி நடுங்கி வெள்ளைக்கோடு கீறியது.
"உன் எட்டு கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது, பார்."
இந்த ஊரில் பன்னிரண்டு வருஷம்
சிரிப்பு வாங்கித் தந்த எட்டு.
அதற்கு ஒரு உருவம் இருந்தது.

கூச்சம் விட்டு, ஒரு சொல்லும் கொடுத்தேன்.
பானையில் சோறு குறைவென்று தெரிந்து
அரைவயிற்றோடு எழுந்து "நிறைந்தது" என்கிறோமே,
அதற்கு எங்களிடம் ஒரே சொல்.
ஐந்து அகராதி புரட்டினார்.
"மூவாயிரம் வருஷம் எழுதியிருக்கிறோம்.
இதை எழுதவில்லை."
ஒலி ஒத்த வேறெழுத்தை இரவல் வாங்கலாமே என்றேன்.
"வேண்டாம். இல்லாததை இல்லையென்றே அச்சடி."

எழுத்து கிடைக்காத இடத்தில்
வேறொன்றைத் தலைகீழாக நட்டுவைப்பது எங்கள் தொழில் வழக்கம்.
பன்னிரண்டாம் கவிதை, கடைசிக்கு முந்திய அடி.
மூலையில் ஒட்டியிருந்த அந்த 'யெ'யை எடுத்தேன்,
முகம் கீழே, கால் மேலே.
தாளில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்தன.
பிழைதிருத்தும் லுவோ சிவப்பில் வட்டமிட்டார்.
ஜீ வட்டத்தை அடித்து, ஓரத்தில்
"இருக்கட்டும்" என்று எழுதினார்.

முந்நூறு பிரதியில் நூற்றுப் பத்து விற்றது.
பனி உருகும் நாளில் ஒரு மாணவன்
புத்தகத்தைப் பிரித்தபடியே உள்ளே வந்தான்.
"இந்த இடத்தில் அச்சுப் பிழையா?"
இல்லை என்றேன். வாயால் சொல்லிக்காட்டினேன்.
திருப்பிச் சொன்னான். தப்பு.
மறுபடி சொன்னான். மறுபடியும் தப்பு.
மை காயாத விரலால்
காற்றில் ஒரு கோடு போட்டேன்:
இறங்கு, இன்னும் கொஞ்சம்,
இப்போது ஏறு.