மீதிப் படகு

காட் மீனின் நாக்கறுத்து
கிலோவுக்கு இவ்வளவென்று வாங்கிய காசில்
யோரிட் ஒரு டப்பா கறுப்பு வாங்கினாள்.

ஐஸ் கிடங்குச் சுவரில் ட்ரௌக்:
கடலில் செத்தவன்,
தலை இருக்கவேண்டிய இடத்தில் பாசிக்கொத்து,
பாதிப் படகில் துடுப்பு வலிப்பவன்.
பெயிண்ட் பாதியில் தீர்ந்தது
எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.
'கதை தெரிந்த பிள்ளை'
என்றது வார்டோ துறைமுகம்.

நண்பகலிலும் விளக்கெரியும் ஜனவரியில்
ஓட்டாரின் படகு திரும்பவில்லை.
அவன் மனைவி அந்தச் சுவர் வந்தால்
தெருவின் மறுபக்கம் போனாள்.

மார்ச்சில் மீன் வந்தது. கத்தி தீட்டினோம்.
முதல் வாரக் கூலியில் இன்னொரு டப்பா.
ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.
கையுறையோடு, ஒன்றும் பேசாமல்
மீதிப் படகை வரைந்து முடித்தாள்.

கடையில் அன்று
சிவப்புதான் இருந்தது.