தட்டிப் பார்த்தல்

சான் எலாய் துறைக்கு ஆறு மணிக்கு வர வேண்டிய படகு
பத்தாகியும் வரவில்லை.
பதினொன்றுக்குள்
அது நான்கு முறை மூழ்கிவிட்டிருந்தது.

என் கைபேசியில்தான் சொல்கிறேன்.
ஒருமுறை பாறையில் மோதி,
ஒருமுறை தீப்பிடித்து,
ஒருமுறை கடற்படையே இடித்து,
நான்காம் முறை
கூப்பிய கைகள் பதினேழோடு
காரணமே இல்லாமல்.
உலைமூடி இல்லாத ஊர்வாய்
ஆகஸ்டு மழையைவிடச் சத்தமாகக் கொட்டியது.
அந்தப் படகில் எலீசர் இருந்தான். என் கணவன்.

நான் சிப்பிக் கூடத்தில் வேலை செய்பவள்.
ஓசோர்னோவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து மூன்று ஆண்டு.
ஓடும் பட்டையில் செத்த சிப்பியை எடுத்தெறிய வேண்டும்.
வாய் திறந்ததெல்லாம் செத்ததில்லை.
விரல்நுனியால் தட்டு;
உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும்.
செத்தது, யார் தட்டினாலும்
திறந்த வாய் திறந்தபடி சிரிக்கும்.
கனத்து மூடிக்கிடக்கும் சிலவற்றுள்
சேறு மட்டுமே இருக்கும். இதைக் கற்க
எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது.

விறகடுப்பருகே உட்கார்ந்து
செய்திகளைத் தட்டத் தொடங்கினேன்.

முதலில் அந்தப் படம்:
கவிழ்ந்த படகு, பின்னால் எங்கள் தேவாலயம்.
மூன்று பேர் அனுப்பினார்கள், மூவரும் அழுதபடி.
பெரிதாக்கினேன்.
கோபுரம் நீலம்.
போன பிப்ரவரியில் அதற்கு மஞ்சள் பூசியவன்
என் கொழுந்தன் ஹெர்னான்;
மிச்சச் சாயம் என் கோழிக்கூண்டில் காய்ந்திருக்கிறது.
ஆக, இது வேறோர் ஆண்டின் சாவு.
எறிய மனம் வரவில்லை. தள்ளி வைத்தேன்.

பிறகு ஒரு குரல்பதிவு.
துறைமுக அதிகாரி என்று சொல்லிக்கொண்டது.
உடல்களை எண்ணியது.
"படகு என்ன நிறம்?" என்று கேட்டேன்.
நீளமாகப் பதில் வந்தது.
அதில் அரசாங்கம் இருந்தது, கடவுள் இருந்தார்,
நிறம் இல்லை.

நள்ளிரவில்
"எல்லோரும் பத்திரம்.
கெம்ச்சியில் ஒதுங்கிச் சூப் குடிக்கிறார்கள்."
இதை மட்டும் நான் தட்டவில்லை.
இதை மட்டும் ஒன்பது பேருக்கு அனுப்பினேன்.
ஒன்பதில் ஒருத்தி, ஸுலேமா, கேட்டாள்:
"யார் பார்த்தது?"

யார் பார்த்தது?
எனக்கு அனுப்பியவளுக்கு அவள் தம்பி,
தம்பிக்குப் படகுக்காரனின் மனைவி,
அவளுக்கு
நான்.
ஒன்பதரைக்கு எழுதியிருந்தேன்:
'கெம்ச்சியில் ஒதுங்கிச் சூப் குடிக்கிறார்களோ?'
மூன்று கை மாறியதில்
ஓகாரம் உதிர்ந்து
என் ஆசை எனக்கே சாட்சி சொல்ல வந்திருந்தது.

வெட்கத்தில் மேலும் கீழும் தள்ளியபோதுதான்
நான் தாண்டிப்போன ஒரு வரி.
எழுத்துப்பிழையன்றி வேறில்லை அதில்.
எழுதியவன் ஓனோஃப்ரே;
அவன் குடிக்காத நாளை யாரும் பார்த்ததில்லை.
"தன்னில நாய் கொரைக்குது. தூங்க முடில."

படகில் நாய் உண்டு.
பொய் சொல்பவன் பிணம் சேர்ப்பான், தீ சேர்ப்பான்;
நாயைச் சேர்க்க யாருக்குத் தோன்றும்?
"எந்தப் பக்கம்?" தட்டினேன்.
மூடிக்கொண்டது:
"மணத்திட்டுக்கு அங்கிட்டு. வெளக்கில்ல. இன்னும் கொரைக்குது."

ஹெர்னானை எழுப்பினேன்.
அவன் கைபேசியைப் பார்க்கவில்லை,
விரல்விட்டு நீரிறக்கத்தை எண்ணினான்.
நான்கு மணிக்குக் கடல் ஏறும் என்றான்.
அப்போது மணி இரண்டு நாற்பது.

விடிந்தபின்னும் அவர்கள்
ஐந்தாம் முறையாக மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.
எலீசர் என் போர்வைக்குள் இருந்தபடி
அதைப் படித்தான், சூப் குடித்தான்,
நாய்க்கு ரொட்டியை நனைத்துப் போட்டான்.

தள்ளி வைத்த படத்தை எடுத்து ஹெர்னானிடம் காட்டினேன்.
இது எந்த ஆண்டு? இதில் யார்?
அவன் கூர்ந்து பார்க்கவேயில்லை.
எழுந்து போய்க்
கோழிக்கூண்டின் மஞ்சளை
நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.