துப்ளியில் வற்ற நேரம்

ஐந்தே காலுக்கே நீர் உள்வாங்கியிருந்தது.
வியாகுலம் முழங்கால்வரை சேற்றில் நின்று
குழாயை அழுத்தி, திருகி, இழுத்தார்.
முழ நீளம் சேறு வந்தது.
மேலே இரண்டு விரற்கடை பழுப்பு.
கீழே எல்லாம் கறுப்பு, அழுகிய முட்டை வாடை.

பழுப்பு என்றால் அங்கே காற்று போகிறது,
நண்டு வளை வழியாக,
கண்டலின் மூச்சுவேர் வழியாக.
காற்று இருக்கும்வரை
துருவேறிய இரும்பு மணிச்சத்தைப் பிடித்துவைக்கும்.
உர மூட்டையில் தழைக்கும் சாம்பலுக்கும் நடுவே
எழுதியிருக்குமே, அதேதான்.
காற்று தீர்ந்த ஆழத்தில் கந்தகம் வருகிறது.
இரும்பு அதனோடு சேர்ந்து கறுத்துப்போகிறது.
விடுபட்டது
நீரில் கரைந்து மேலே ஏறுகிறது.

“கஃபீல் கைய விட்டான், ரிலீஸ் கெடச்சிருச்சு”
என்றார் வியாகுலம்.
நான் சிரிக்கவில்லை.
ஏறும் வழியில், அந்தப் பழுப்பு அடுக்கில்
வேறொரு இரும்பு நிற்கிறது.

தழைச்சத்துக்கு வானம் உண்டு,
காற்றாகி எங்கும் போய்வரலாம்.
இதற்கு அந்தக் கதவு இல்லை.
இலையாக, இறாலாக, பூநாரையின் எச்சமாக
எதன் உடம்பிலாவது தொற்றிக்கொண்டுதான் பயணம்.
ஷமால் அடிக்கும் நாளில்
தூசியின் முதுகில் கொஞ்சம்.

மிச்சம் எங்களிடமிருந்து.
சல்மாபாத் கேம்ப்பில் சோறு வடித்த தண்ணீர்,
அறைக்கு எட்டுப் பேர் சட்டை துவைத்த நுரை,
நாலு மணிக் கழிப்பறை வரிசை,
எல்லாம் குழாயில் இறங்கி
பாதி சுத்தமாகி
இங்கே வந்து சேர்கிறது.
போன வெள்ளிக்கிழமை நான் பொரித்த சாஃபி மீன்
இந்நேரம் ஒரு கண்டல் இலையின் காம்பில் இருக்கலாம்.
நிரூபிக்க முடியாது.
பத்ரிய்யாவின் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

ஆய்வகத்தில் மருந்து ஊற்றினால் நீலம் ஏறும்.
மணிச்சத்து கூடக்கூட நீலமும் கூடும்.
பதினான்காம் குழாயின் நீலத்தைக்
கருவி படிக்க மறுத்தது.
பத்து மடங்கு தண்ணீர் கலந்தேன்.
அப்போதும் அது
யாரோ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த நீலம்.

அடுத்த வற்றத்துக்கு வியாகுலம்
கன்னம் வீங்கி வந்தார்.
சல்மானியாவில் பிடுங்கிய கடைவாய்ப் பல்
டிஷ்யூ தாளில், சட்டைப் பையில்.
“இதுவும் மணிச்சத்துதானே மேடம்?”
ஆமாம். சுண்ணாம்போடு கட்டுண்டது.
சுலபத்தில் விடாது.
“எத்தன வருசம்?”
தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியாது.

பல்லை நண்டு வளைக்குள் போட்டார்.
கொஞ்ச நேரத்தில்
நண்டு அதை வெளியே தள்ளியது.
மறுபடி போட்டார். மறுபடி தள்ளியது.
கடைசியில் கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்தி
உள்ளங்கையால் மேலே மெழுகினார்,
கறுப்பு தொடங்கும் ஆழம் பார்த்து.

ஏற்றம் தொடங்கிவிட்டது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
பதினான்காம் இடம், இனி இரண்டடி கிழக்கே.
இல்லாவிட்டால் என்றைக்காவது
என் கணக்கில் அவர் பல் வந்துவிடும்.