அரை வோல்ட்

"கரண்ட் கோளாறு" என்றுதான் போனில் சொன்னார்.
தண்டர் பே, பிப்ரவரி, மைனஸ் முப்பத்தொன்று.
வேன் கதவைத் திறக்க
லைட்டரால் சாவியைச் சுட வேண்டியிருந்த காலை.

டுவேன் பெல்டியே, இரவுப் பேருந்து ஓட்டுநர்,
கோட்டைக் கழற்றாமல் தன் வீட்டுக் கூடத்திலேயே நிற்கிறார்.
எனக்கு முன்பு எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து
இருபத்திரண்டு பிரேக்கரையும் தட்டிப் பார்த்து
எல்லாம் சரி என்று
எண்பது டாலர் வாங்கிப் போயிருக்கிறார்.

சரிதான்.
இந்தக் கணப்புக்கும் அந்தப் பெட்டிக்கும்
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மண்டியிட்டேன்.
பீங்கான் விறகுகளுக்குப் பின்னால்
நீலமாய், கட்டைவிரல் உயரத்தில்
பைலட் சுடர்.
அதில் தலை நீட்டிக் காய்ந்தபடி தெர்மோபைல்,
சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாய்.
முப்பது வருடமாய் மின்மீட்டருக்குத் தெரியாமல்
தன் கரண்டைத் தானே சமைத்துக்கொள்கிறது.
அதிகம் போனால் அரை வோல்ட்.
நாக்கில் வைத்தாலும் உறைக்காது.

கீழ்த்தகட்டைக் கழற்றி, முனைகளைத் தொட்டேன்.
ஐநூற்று முப்பது மில்லிவோல்ட்.
"குறைவா?"
"நல்லாவே இருக்கு."
"அப்புறம் ஏன்?"

ஏனுக்குத்தான் பையில் ஒரு துண்டு வயர்.
சுவரிலிருந்து வரும் இரண்டையும் வால்விலிருந்து அவிழ்த்துவிட்டு
அந்தத் திருகுகளுக்கு நடுவே
என் துண்டைப் பாலமாய்ப் போட்டேன்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு புஃப் என்று
விறகெல்லாம் மஞ்சளாய் எழுந்தது.
டுவேன் ஓரடி பின்னால் போனார்.
பூனை ஈரடி முன்னால் வந்தது.

ஆக, சுடர் நிரபராதி. வால்வும்.
சுவிட்ச் எங்கே?

அறையின் மறுகோடியில்,
சோஃபாவில் சாய்ந்தபடி கை எட்டும் உயரத்தில்.
"நோரீன் அங்கே கேட்டாள்.
நானேதான் இழுத்தேன். பழைய டெலிபோன் வயர்."
நோரீன் எங்கே என்று நான் கேட்கவில்லை.
"வின்னிபெக்" என்று அவரே சொன்னார்,
அடுத்த நிறுத்தத்தை அறிவிப்பதுபோல.

மூடியைத் திறந்தால்
தொடுமுனைகள் கறுத்துக் கிடந்தன.
நூற்றிருபது வோல்ட் முரட்டுப்பயல்,
அழுக்கு, துரு எதையும் இடித்துக்கொண்டு போய்விடுவான்.
அரை வோல்ட்டுக்கு அந்த உடம்பு கிடையாது.
மயிரிழைக் கருமைக்கே நின்றுவிடும்,
வழி விடு என்று கேட்கவும் கேட்காது.
வயரும் சுவிட்சும் சேர்ந்து ஒன்பது ஓம்.
இரண்டே அதிகம்.

"சுவிட்சைக் கணப்பை ஒட்டி வைக்கலாம்.
தடித்த வயர், மூன்றடி, அரை மணி வேலை."

சுவர் முழுக்கப் புதுப் பச்சை.
சுவிட்சைச் சுற்றி மட்டும், தூரிகை தயங்கிய இடத்தில்
ஒரு விரல் அகலம் பழைய வெள்ளை.
"அங்கேயே இருந்தால்?"
"இருபத்தாறடி. சுவரடிப் பலகையெல்லாம் பெயர்க்கணும்.
இன்னும் நூற்றைம்பது."

சில்லறை இல்லாமல் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோல்
சுவரைப் பார்த்தார்.
"மூன்றடி."

முடித்தேன். புது சுவிட்சை நாலு முறை போட்டு அணைத்தார்.
நாலு முறையும் எரிந்தது.
"பழையதை எடுத்துவிட்டு வெற்று மூடி போடவா?"
"அது பாட்டுக்கு இருக்கட்டும்."
வயர் நுனிகளுக்கு டேப் சுற்றி உள்ளே தள்ளி
மூடித் திருகினேன்.

வேன் சூடாகும்வரை ஸ்டியரிங்மேல் வைத்து பில் எழுதினேன்.
ஜன்னலில் மஞ்சள்.
ஒருவழியாய்க் கோட்டைக் கழற்றுகிறார்,
ஒரு கை மாட்டிக்கொண்டது.

கோளாறின் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
தூரம் என்று எழுதினேன்.
அடித்தேன்.
வயர் நீளம் அதிகம் என்று எழுதினேன்.
வரி பதின்மூன்று சதவீதம் தனி.