இருபத்து நான்காவது கூடை

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமக்கள் நிற்கும் இடத்தில் ஸ்கோர் போர்டு.
மொத்தம் இருபத்து நான்கு அணி.
எங்கள் ரோபோவின் பெயர் நண்டு.
மூலக்கொத்தளத்துப் பழைய இரும்புக்கடை வைப்பர் மோட்டார்;
நேராகப் போகச் சொன்னால் பக்கவாட்டில் போகும்.
எப்படியோ எட்டாவது இடம்.

எட்டாவது என்றால்
கூட்டாளி தேர்ந்தெடுக்க மைக் கடைசியில்தான் வரும்.
ஆனால் வரிசை எட்டோடு திரும்பிவிடும்.
எண்ணூர் பஸ் மாதிரி:
கடைசி ஸ்டாப்பில் நிற்பவளுக்குத்
திரும்புகையில் முதல் ஜன்னல்.
ஒரே மூச்சில் இரண்டு பெயர் சொன்னேன்.

முதலிடத்துக்காரர்கள் தங்கமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு
பதினான்கு பெயர் கடந்துபோகும்வரை
கை கட்டி நின்றார்கள்.
மிச்சம் ஒன்றே ஒன்று,
கொருக்குப்பேட்டை நிலோஃபரின் வண்டி.
ஸ்டார்ட் ஆனால் புகை,
ஆகாவிட்டால் அதுவும் இல்லை.

காலிறுதியில் அவர்களை ஜெயித்தோம்.
ராத்திரி நோட்டில் எழுதினேன்:
விதி நியாயமானது.
அடியில் இரண்டு கோடு.

டிசம்பரில் மாதவரம், காலேஜ் உள்ளரங்கம்.
அறுபது அணி.
அதே விதிப் புத்தகம், ஒரு கமா மாறவில்லை.
நண்டும் மாறவில்லை. மறுபடி எட்டு.

அதே பஸ், அதே திருப்பம், அதே ஜன்னல்.
ஆனால் முதலிடம் தன் இரண்டாவது பெயரைச் சொல்ல வந்தபோது
இன்னும் முப்பத்தேழு பேர் நின்றிருந்தார்கள்,
பாதி வண்டிகளில் பழுதே இல்லை.

காசிமேட்டு ஏலத்துக்கு விடியலில் போனவர்களுக்குத் தெரியும்.
மீன்பாடு கம்மியான நாளில் கடைசிக் கூடையில்
ஐஸும் நாலு காரப்பொடியும்.
தடைக்காலம் முடிந்து
எல்லா போட்டும் ஒன்றாய்க் கரை சேரும் நாளில்
இருபத்து நான்காவது கூடையிலும்
வஞ்சிரம் வாலை நீட்டிக் கிடக்கும்.
முதல் கூடையை எடுத்தவன்
கடைசிக் கூடைக்கும் அலட்டிக்கொள்ள மாட்டான்.

தோற்றோம்.
"ரூல் அதேதான்டி, கூட்டம்தான் ஜாஸ்தி"
என்றாள் பெனிட்டா, ஸ்பானரைத் துடைத்தபடி.

இதோடு கவிதையை முடித்திருப்பேன்.

அந்த முப்பத்தேழு பேரில் நிலோஃபர் இருந்தாள்.
இப்போது புகை இல்லை.
புது வயரிங், சிவப்பு டேப், மூன்று மாச ராத்திரி.
இருபத்து நான்கில் கடைசியாய் இருந்தபோது
காலிறுதியில் ஆடினாள்.
அறுபதில் இருபத்தேழாவது ஆனதும்
கேலரியில் உட்கார்ந்து
அடுத்தவர் மேட்சுக்குக் கை தட்டினாள்.
மைக் என் கையில் இருந்தபோது
அவள் பக்கம் நான் திரும்பவில்லை.
இரண்டு பெயர்தானே.

தண்டையார்பேட்டை வரை ஒரே ஷேர் ஆட்டோ.
அவள் மடியில் வண்டி, என் மடியில் நண்டின் பாட்டரி.
"உன் லிஸ்ட்ல நான் எத்தனாவது?"
சொல்ல வாய் வரவில்லை.
நோட்டை நீட்டினேன்.

மூலக்கடை சிக்னல் வெளிச்சத்தில்
அறுபதில் விரல் வைத்து
மேல்நோக்கித் தேட ஆரம்பித்தாள்.